குருவி கூவவில்லை

வயிறு ஒன்றுதான் பெரியவளுக்கு மிஞ்சியிருந்தது. போன வாரம் ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்த நாளோடு, மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கைமாறிப் போய்விட்டது.

முதலில் கடை. பிறகு துணி வெட்டும் மேஜை. பிறகு மகளின் தலைப்பின்னல்.

எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றேதான். சின்னவள். கணவரின் தம்பி மனைவி. லாரி ஓட்டும் தம்பி நெடுந்தூரச் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. "தனியா எதுக்கும்மா இருக்கே, இங்க வந்து அக்காவுக்கு ஒத்தாசையா இரேன்" என்று அழைத்து வந்தது பெரியவளின் கணவர்தான்.

ஒத்தாசை! அந்த வார்த்தையைக் கேட்டாலே பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கு டாக்டரம்மா திரையைக் காட்டி, நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னார்.

"குழந்தையைச் சுத்தி பனிக்குடத் தண்ணி ரொம்ப அதிகமா இருக்கு. உங்களுக்கு ஏழு மாசம்கூட முடியல. ஆனா கர்ப்பப்பை ஒன்பது மாசத்துக்கு விரிஞ்சு நிக்குது. நேரம் வந்துடுச்சுன்னு அது பாட்டுக்கு வலியை ஆரம்பிச்சுடலாம். அதுதான் பயம். ரொம்ப நேரம் நிக்காதீங்க. வயிறு கல்லு மாதிரி இறுகி, விட்டு விட்டு வந்தா உடனே வந்துடணும். தண்ணி உடைஞ்சா எழுந்து நடக்கவே கூடாது, படுத்தபடியே வரணும். சந்தேகமா இருந்தாலும் வாங்க. பொய் வலிக்கு வந்தீங்கன்னு நான் திட்ட மாட்டேன்."

"ஏன் டாக்டர் இப்படி?" என்று கேட்டதற்கு, "சர்க்கரை இல்ல, ரெட்டைக் குழந்தையும் இல்ல. குழந்தை அந்தத் தண்ணியை ஒழுங்கா முழுங்குதான்னு அடுத்த ஸ்கேன்ல பாக்கணும். நிறைய பேருக்குக் காரணமே தெரியறதில்ல" என்றார்.

பெரியவளின் கணவருக்கு இதில் ஒரே ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. தண்ணி அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அடுக்களையில் வைத்துவிட்டார். "இனிமே அரை டம்ளர், அரை டம்ளரா குடி. உள்ள இருக்கறது முதல்ல வத்தட்டும்" என்று சட்டம் போட்டார். ஜன்னலுக்கு அளவெடுத்துத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர் அவர். அளவு நாடா கழுத்தை விட்டு இறங்கவே இறங்காது. அதனால் தெருவில் அவர் பெயரே டேப்பு. எதையும் கூட்டிக் கழித்தால் சரியாகிவிடும் என்று நம்புகிற மனிதர்.

கடை முன்னால், வீடு பின்னால். நடுவில் ஒரு கதவு, அதில் ஒரு திரை. படுத்திருப்பவள் கத்திக் கூப்பிடக் கூடாது என்று, டேப்பு ஒரு அழைப்பு மணி வாங்கி மாட்டியிருந்தார். பொத்தான் பெரியவளின் தலையணைக்குப் பக்கத்தில். பெட்டி கடைச் சுவரில். அழுத்தினால் குருவி கூவும். அதுவும் ஒரு தடவை கூவி நிறுத்துகிற குருவி இல்லை. கல்யாணமே ஆகாத குருவி மாதிரி ஏங்கி ஏங்கிக் கூவும். கடைக்கு வருகிறவர்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள்.

இன்று காலையிலிருந்தே குருவிக்கு ஓய்வில்லை.

கடையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பெரியவள் பொத்தானை அழுத்தினாள்.

வந்தது சின்னவள். "என்னக்கா?"

"ஃபேனைக் குறை."

குறைத்துவிட்டுப் போனாள். டேப்பு ஏதோ சொல்ல, மறுபடி சிரிப்பு. மறுபடி குருவி.

"என்னக்கா?"

"ஃபேனைக் கூட்டு."

சின்னவள் கூட்டினாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. ஒரு தடவையாவது முகத்தைச் சுளித்தால் என்ன? புருஷனைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா, எப்படி மூஞ்சியைக் காட்டறா" என்று சொல்லவாவது ஒரு காரணம் கிடைக்கும்.

"நான் அவரைத்தான் கூப்பிட்டேன். உன்னை இல்ல."

"மாமா ஏணி மேல நிக்கறாருக்கா. கம்பி மாட்டிட்டு இருக்காரு."

"ஏணி மேல நின்னுக்கிட்டுதான் அப்படி ஒரு சிரிப்பா?"

சின்னவள் கையில் மடித்து வைத்திருந்த துண்டைத் தலையணைக்குப் பின்னால் செருகினாள். துண்டுக்குள் தண்ணீர் பாட்டில். தினமும் காலையில் நடக்கிற கடத்தல் இது.

"மாமாவுக்குத் தெரிய வேணாம்" என்றாள் மெதுவாக. "டாக்டர் தண்ணி குடிக்காதீங்கன்னு சொல்லவே இல்லக்கா. நானும்தானே பக்கத்துல நின்னேன். வெயில் வேற இப்படிக் கொளுத்துது. குடிச்சுடுங்க."

அவள் போனதும் பெரியவள் பாட்டிலை முறைத்துப் பார்த்தாள். என் வயிறு, என் டாக்டர். அவர் சொன்னது எனக்குப் புரியலையாம், இவளுக்குப் புரிஞ்சுதாம்.

சுவரைப் பிடித்தபடி மெல்ல எழுந்து, குளியலறைக்குப் போய், பாட்டிலைக் கவிழ்த்தாள். நேற்றும் இப்படித்தான். முந்தாநாளும் இப்படித்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. தொண்டை ஒட்டிக்கொண்டது. ஆனாலும் தண்ணீர் சாக்கடைக்குள் இறங்குகிற சத்தம் காதுக்கு இதமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் டேப்பு வந்தார். ஏணியிலிருந்து இறங்கிய வியர்வையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, காலையிலேருந்து குருவியைப் போட்டு இப்படிப் படுத்தறே? பேட்டரி தீந்துடும்."

"உங்களுக்கு பேட்டரிக் கவலை."

"சின்னவ பாவம், இங்கயும் அங்கயும் ஓடிக்கிட்டே இருக்கா. உனக்கு என்னம்மா குறை?"

"எனக்கு என்ன குறை? தண்ணிகூட அதிகமாத்தான் இருக்கு."

டேப்பு சிரித்துவிட்டார். சிரித்தது தப்பு என்று உடனே புரிந்து, கழுத்திலிருந்த நாடாவை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தார்.

"ஹோட்டல் ஆர்டர் என்னாச்சு?" என்று கேட்டாள் பெரியவள்.

"அதெல்லாம் நடக்குது. நீ எதுக்கு அதையெல்லாம் போட்டு யோசிக்கறே?"

"யாரு வெட்டறா?"

"வெட்டறோம், வெட்டறோம்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

அந்த ஹோட்டல் ஆர்டர் பெரியவள் பிடித்து வந்தது. சாப்பாட்டுக் கூடத்தின் அத்தனை ஜன்னலுக்கும் தரை தொடுகிற திரை. பெரிய பெரிய பூப்போட்ட கனத்த துணி. ஒரு பட்டையில் பாதி விரிந்த பூ, பக்கத்துப் பட்டையில் மீதிப் பாதியோடு பிசகாமல் சேர வேண்டும். கொஞ்சம் தள்ளி வெட்டினாலும் துணி குப்பை. இந்தக் கடையில் அப்படி வெட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் படுக்கையில் விழுந்த அன்றே தன் கத்தரிக்கோலை பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். அது இல்லாமல் யார் வெட்டிவிட முடியும், பார்க்கலாம் என்று.

அந்தக் கத்தரிக்கோலுக்கு ஒரு குரல் உண்டு. மூடும்போது விக்கல் எடுத்த மாதிரி 'க்ளக்' என்று ஒரு சத்தம் கேட்கும். திருகாணி தேய்ந்ததால் வந்தது. எத்தனை கத்தரிக்கோலுக்கு நடுவிலும் அதை அவளால் கண்டுபிடிக்க முடியும்.

கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தவளுக்கு இப்போது அது கேட்டது.

க்ளக். க்ளக். க்ளக்.

பெரியவள் எழுந்து உட்கார்ந்தாள். பீரோவைப் பார்த்தாள். கதவு லேசாகத் திறந்திருந்தது.

எழுந்து நடந்தாள். வயிறு முன்னால் போக, அவள் பின்னால் போனாள். நடுக்கதவின் திரைக்குப் பின்னால் நின்று, விரலால் ஓர் ஓரத்தை மட்டும் விலக்கினாள்.

அவளுடைய மேஜை. அவளுடைய துணி. சின்னவள் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் மகள் மேஜை மேலேயே ஏறி, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

ஹோட்டல் மேனேஜரம்மா நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பெரியவளுடைய கோப்பையில்.

"என்னமா சேருது பூ! எது ஒட்டுன்னே தெரியலையே" என்றார் மேனேஜரம்மா. "கத்தரிக்கோலும் நல்ல வெட்டு."

"அம்மாவோடது!" என்றாள் வாலு. "சித்திக்கு நான்தான் எடுத்துக் குடுத்தேன். அம்மா தூங்கறப்போ."

"அடிப்பாவி" என்றாள் சின்னவள், சிரித்துக்கொண்டே. "அக்கா குடுத்தாங்கன்னுல்ல நீ சொன்னே?"

"முன்னாடி வந்து பேசினாங்களே ஒருத்தங்க, அவங்க எங்க?" என்று கேட்டார் மேனேஜரம்மா.

"அவ படுக்கையில இருக்கா. இனிமே வெட்டறது எல்லாம் இவதான்" என்றார் டேப்பு.

இனிமே.

அந்த ஒரு சொல் குண்டூசி மாதிரி இறங்கியது. இந்த மாசம் என்று சொல்லியிருக்கலாம். குழந்தை பிறக்கிற வரைக்கும் என்று சொல்லியிருக்கலாம். இனிமே என்றால்?

பெரியவள் அங்கேயே நின்றாள். சின்னவள் ஒரு பட்டை வெட்டி முடித்து, அடுத்ததை எடுத்து, பூவோடு பூவை வைத்துப் பார்ப்பதையும், வாலு சித்தியின் தோளில் சாய்வதையும் பார்த்துக்கொண்டே நின்றாள். தப்பாக வெட்டட்டும் என்று காத்திருந்தாள். ஒரே ஒரு பூ பிசகினால் போதும். சின்னவள் பிசகவே இல்லை. கால் மரத்துப்போகிற வரைக்கும் நின்றும், அவள் பிசகவில்லை.

அப்போதுதான் வயிறு இறுகியது.

வலி என்று சொல்ல முடியாது. யாரோ வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிக் கட்டுவது போல. தொட்டால் பலகை. பெரியவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தளர்ந்தது.

கட்டிலுக்கு வந்து படுத்தாள். வாயுவாக இருக்கும். எழுந்து நடந்தோம் இல்லையா, அதனால் இருக்கும்.

மறுபடி இறுகியது. மறுபடி தளர்ந்தது.

பொத்தான் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருந்தது. டாக்டரம்மா சொன்ன 'விட்டு விட்டு வந்தா' இதுதான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இப்போதே பிறந்துவிட்டால் குழந்தை கைக்குள் அடங்குகிற அளவுதான் இருக்கும். மூச்சுவிடக்கூடத் தெரியாது. அதுவும் தெரியும்.

ஆனால் அழுத்தினால் என்ன ஆகும்? வண்டி வரும். ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பார்கள். எத்தனை நாளோ. நடுவில் ஒரு திரை மட்டும் இருக்கும்போதே மேஜை போச்சு, மகள் போனாள், கோப்பைகூடப் போச்சு. ஊரே நடுவில் வந்துவிட்டால்?

அடுத்தது வந்தா அழுத்தலாம் என்று நினைத்தாள்.

அடுத்தது வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். தலையணையின் ஓரத்தைப் பிடித்த கை பொத்தான் பக்கம் போகவில்லை.

கடையில் சின்னவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா?" என்றார் டேப்பு.

"குருவி கத்தல மாமா."

"நல்லதுதான். தூங்கறாளோ என்னவோ. விடு."

"இல்ல மாமா. மேனேஜரம்மா போறப்போ நாம எல்லாம் சேர்ந்து அவ்வளவு சிரிச்சோம். அப்பக்கூட கத்தல."

டேப்புக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. சின்னவளுக்கு விளங்கியிருந்தது. சிரித்தால் குருவி கூவும். மணி மாட்டிய நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

உள்ளே வந்தபோது பெரியவள் சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். தூங்குகிறவர்கள் இவ்வளவு இறுக்கமாகக் கண்ணை மூட மாட்டார்கள். நெற்றியெல்லாம் வியர்வை.

சின்னவள் கேட்காமலே வயிற்றில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"எப்போலேருந்து?"

"கையை எடு."

"அக்கா, எப்போலேருந்து இப்படி இறுகுது?"

"எடுன்னு சொல்றேன்ல. இதையும் எடுத்துக்கலாம்னு பாக்கறியா? மேஜையை எடுத்துக்கிட்டே. கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டே. பொண்ணை எடுத்துக்கிட்டே. இது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு. இதையும் குடுத்துட்டு நான் எங்கயாவது போய்ப் படுத்துக்கறேன்."

சின்னவளின் முகம் முதல் முறையாகச் சுளித்தது.

"ஆமாக்கா. எடுத்துக்கத்தான் வந்தேன். போதுமா? எனக்கும்தான் வயிறு எரியுது. நீங்க லேசா முனகினாப் போதும், வீடே ஓடி வருது. உங்களுக்குன்னு குருவி வாங்கி மாட்டறாங்க. போன மாசம் நான் காய்ச்சல்ல தனியா கிடந்தேன். தண்ணி மோந்து குடுக்க ஆளில்ல. அவருக்கு போன் போட்டா லாரி சத்தம்தான் கேக்குது. இந்த மேஜை கிட்ட நின்னாத்தான், நானும் ஒரு ஆளுன்னு எனக்குத் தோணுது. அதுக்காக இதை மறைப்பீங்களா? உள்ள இருக்கறது என்ன, நானா? அது உங்க குழந்தைதானே?"

மறுபடி இறுகியது. இந்தத் தடவை அவள் கை தானாகப் போய்ச் சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்தது. வளையல் அழுந்தி நெளிகிற அளவுக்கு.

"மாமா!" என்று சின்னவள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது.

கடையின் டெலிவரி வேனில், ஹோட்டல் திரைகளுக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கிற லைனிங் துணி சுருள் சுருளாக ஏற்கெனவே ஏற்றியிருந்தது. இறக்க நேரமில்லை. வாலுவைப் பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்காவிடம் விட்டுவிட்டு, சின்னவள் சுருள்களை விரித்துப் படுக்கை போட்டாள். உள்ளே ஓடிப்போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள்.

"இடது பக்கமா சாஞ்சு படுங்கக்கா."

"லைனிங் துணி மேல படுக்க வெக்காதே. மடிப்பு விழுந்துடும். அந்தம்மா வாங்க மாட்டாங்க."

"விழட்டும்."

"உனக்கென்ன, ஆர்டர் நான் பிடிச்சது."

ஓட்டிக்கொண்டிருந்த டேப்பு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே போனார். கழுத்தில் நாடா அப்படியே தொங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி, "அளவெடுக்க வந்தீங்களா சார்? பின்பக்கமா போங்க" என்றபோதுதான் அவருக்கே அது தெரிந்தது.

டாக்டரம்மா வயிற்றில் பட்டையைக் கட்டி, இயந்திரத்தில் ஓடுகிற கோட்டைப் பார்த்தார். பரிசோதித்தார். உதட்டைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

"வலி நிஜம்தான். கர்ப்பப்பை வாயோட நீளம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. இன்னும் திறக்கல. பனிக்குடமும் உடையல. கொஞ்சம் லேட்டா வந்திருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன். வலி அடங்க மருந்து போடறோம். ஒருவேளை முன்னாடியே பிறந்துட்டா மூச்சுவிடத் திணறக் கூடாதுன்னு, குழந்தையோட நுரையீரலுக்கு ஊசி போடறோம். அது வேலை செய்யற வரைக்குமாவது குழந்தை உள்ளேயே இருக்கணும்." பிறகு குரல் மாறியது. "உடம்புல தண்ணியே இல்லையே. தண்ணி குடிக்கறதே இல்லையா?"

டேப்பு பெருமையோடுதான் சொன்னார். "நாங்க குறைச்சுட்டோம் டாக்டர். நீங்கதான் தண்ணி அதிகமா இருக்குன்னு..."

"யாரு குறைக்கச் சொன்னா?" டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இவங்க குடிக்கற தண்ணி நேரா அங்க போய்ச் சேர்றதில்ல. குழந்தை முழுங்கறதும் வெளியே விடறதும்தான் அங்க கணக்கு. இவங்களைக் காயப் போட்டா அது வத்தாது. உடம்பு காஞ்சா கர்ப்பப்பை இன்னும்தான் முறுக்கும்."

டேப்பு நாடாவைக் கழற்றிப் பாக்கெட்டுக்குள் திணித்தார். அது பாதி வெளியே தொங்கியது.

"ஆனா தினமும் நான் ஒரு பாட்டில்..." என்று ஆரம்பித்த சின்னவள் நிறுத்தினாள். பெரியவளைத் திரும்பிப் பார்த்தாள்.

பெரியவள் கூரையைப் பார்த்தாள்.

"கொட்டிட்டேன்" என்றாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

சின்னவள் திட்டவில்லை. அழவும் இல்லை. மேஜை மேலிருந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றி, டாக்டரம்மாவிடம் "குடுக்கலாமா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டியதும் பெரியவளின் உதட்டருகே பிடித்தாள். பெரியவள் குடித்தாள். மூச்சு விடாமல் குடித்தாள். இன்னும் வேண்டும் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. சின்னவள் கேட்காமலே மறுபடி ஊற்றினாள்.

மருந்து ஏறியது. இறுக்கம் இடைவெளி விட ஆரம்பித்தது. சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"தண்ணியை முழுங்குதா டாக்டர்?" என்று கேட்டாள் பெரியவள்.

"குழந்தை ஓடிக்கிட்டே இருக்கு. தண்ணி நிறைய இருக்கறதால மீன் மாதிரி சுத்துது. நல்லாப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். பெரியவளின் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

வார்டுக்குத் திரும்பியதும் நர்ஸ் வந்தார். "கூட ஒருத்தர்தான் தங்கலாம். யாரு?"

டேப்பு முன்னால் வந்தார். "நான் இருக்கேன். சின்னவ போய் வாலுவைப் பாத்துக்கட்டும். ஹோட்டல் வேலையும்..."

"நீங்க போங்க" என்றாள் பெரியவள். "அவ இருக்கட்டும்."

டேப்புக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தீர்களா, எல்லாம் சரியாகிவிட்டது என்பது போல் நர்ஸைப் பார்த்தார். மனைவியின் தலையைத் தடவிவிட்டு, நாடா பாக்கெட்டிலிருந்து நழுவி விழ, அதைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினார்.

சின்னவள் முக்காலியை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். போர்வையைச் சரி செய்தாள்.

"நான் இங்க இருந்தா அங்க மேஜை கிட்ட நிக்க மாட்டேன். அதுக்குத்தானே?"

பெரியவள் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். இல்லை என்று சொல்லவில்லை.

சின்னவள் பையைத் திறந்தாள். மாற்றுப் புடவைக்கும் துண்டுக்கும் நடுவில் கையைவிட்டு, எதையோ எடுத்துப் பெரியவளின் கையில் வைத்தாள். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. பெரியவளின் விரல் பழக்கத்தில் வளையங்களுக்குள் நுழைந்தது. ஒரு தடவை மூடினாள்.

க்ளக்.

"அங்க இனிமே யாரும் வெட்ட முடியாது" என்றாள் சின்னவள். "நிம்மதியாப் படுங்க."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு குலுங்கும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கத்தரிக்கோலை மட்டும் விடவில்லை. கடைசியில் அதைத் தலையணைக்கு அந்தப் பக்கம், சின்னவளின் கைக்கு எட்டாத ஓரத்தில் வைத்தாள். அதைச் சின்னவளும் பார்த்தாள்.

வெளியே வெயில் இறங்கியது. வராந்தாவில் விளக்கு போட்டார்கள். கண்ணாடிக் கதவை லேசாகத் திறந்து நர்ஸ் தலையை நீட்டினார்.

"கூட இருக்கறவங்க கொஞ்சம் வாங்க. டாக்டரம்மா கூப்பிடறாங்க."

பெரியவள் தலையைத் தூக்கினாள். "என்கிட்டயே சொல்லச் சொல்லுங்க. என் ஸ்கேன்தானே?"

"நீங்க எழுந்திருக்கக் கூடாதும்மா. இதோ வந்துடுவாங்க."

சின்னவள் போனாள். கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெரிந்தது, எதுவும் கேட்கவில்லை. டாக்டரம்மா கையில் ஸ்கேன் படம். ஒரு விரல் அதில் ஓரிடத்தைத் தொட்டது. மறுபடி அதே இடத்தைத் தொட்டது. சின்னவள் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டாள். டாக்டரம்மா இல்லை என்பது போல் தலையசைத்துப் பதில் சொன்னார். சின்னவளின் கை மெல்ல எழுந்து அவள் வாயை மூடிக்கொண்டது.

என் குழந்தையோட சேதி. எனக்கு முன்னால் அவள் காதுக்கு.

காலையிலிருந்து எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்பது போல் இப்போது நெஞ்சு எரிந்தது. எழுந்துபோய் அந்தப் படத்தைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அசையக் கூடாது. அசைந்தால் மறுபடி இறுகும். உள்ளே ஒன்று சுழன்று, விலாவில் மெதுவாக இடித்தது.

கட்டில் கம்பியில் ஒரு பொத்தான் தொங்கியது. பெரியவள் அதைத் தேடிப் பிடித்தாள். விளையாட்டுக்கு இல்லை, வீம்புக்கு இல்லை. இன்றைக்கு முதல் தடவையாக நிஜமாகவே சின்னவள் வர வேண்டும் என்று அழுத்தினாள்.

குருவி கூவவில்லை. கதவுக்கு மேலே சிவப்பாக ஒரு விளக்கு மட்டும் எரிந்தது.

ஒவ்வொரு கூவலுக்கும் ஓடி வந்தவள் அந்த விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, முகம் தெரியாதபடி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.